வால்கா முகத்து வணிக நகரம்

மலையிற் பிறந்த ஆறு கடலைச் சேருமுன் தன் இரு கரையிலும் பல நகரங்களை வளர்த்துவிட்டுச் செல்கிறது. அவற்றுள் இடைவழியில் அமைந்தவை ஒரு நாட்டுக்கே உரியவை. ஆற்றின் முகத்தில் அமைந்தவையோ பல நாட்டார்க்கும் பொதுவானவை. உள்நாட்டு விளைபொருள் ஆற்றோடு வந்து இறங்குவதும் அயல்நாட்டு அரும்பொருள் கடலோடு வந்து சேர்வதும் அங்கேதான். ஆதலால் ஆற்றுமுகத்து நகரம் ஒன்றின் வரலாற்றைக் கற்பவர் ஓர் ஊரின் வரலாற்றை மட்டும் கற்பதில்லை. பல இனத்தார் ஓரிடத்திற் கூடியதையும், கொண்டதையும் கொடுத்ததையும், பின்னர்ப் பிரிந்ததையும் மறைந்ததையும் சேர்த்தே கற்கின்றனர். உருசிய நாட்டின் தென்னெல்லையில், வால்கா ஆறு காஸ்பியன் கடலோடு கலக்கும் கழிமுகத்தில் உள்ள அஸ்திரகான் அத்தகைய நகரம்.

வால்கா என்னும் பெயர் தமிழ் வாசகர்க்குப் புதிதன்று. இராகுல் சாங்கிருத்தியாயனின் நூல் தமிழில் வெளிவந்த நாள்தொட்டுக் கங்கையோடு சேர்த்து எண்ணப்படும் பெயராக அது நம்மிடையே வழங்கி வருகிறது. அந்நூல் கூறுவது கதை. ஆனால், வால்காவுக்கும் இந்தியாவுக்கும் இடையே நெடுங்காலம் வண்டியும் ஒட்டகமும் கப்பலும் சென்று வந்தமை வரலாறு. அவ்வரலாற்றுக்கு நிலைக்களமாக இருந்த நகரம் அஸ்திரகான். கருநிற மீன்முட்டையாலும், அந்நகரின் வழியாக விலைக்குச் சென்றமையால் அதன் பெயரையே பெற்றுவிட்ட சுருள்மயிர் ஆட்டுத்தோலாலும் உலகம் அதனை அறிந்துள்ளது. இந்திய வணிகர் நூறாண்டுக்கு மேலாக அங்கே ஒரு முற்றம் அமைத்து வாழ்ந்தனர் என்பதை அறிந்தோர் சிலரே. அறிந்தோர் சிலராய்ப் போனதற்கு அவ்வணிகரே ஒரு காரணம் என்பது பின்னர் விளங்கும்.

நகரின் இருப்பு

வால்கா ஐரோப்பாவின் மிக நீண்ட ஆறு. மாஸ்கோவுக்கு வடமேற்கே வல்தாய்க் குன்றுகளில் சிற்றூற்றாகத் தோன்றி, ஏறத்தாழ 3,530 கிலோமீட்டர் ஓடிக் காஸ்பியனை அடைகிறது. காஸ்பியனைக் கடல் என்பது வழக்கே; உண்மையில் அது பெருங்கடலோடு தொடர்பற்ற உப்பேரி. அதன் நீர்மட்டம் பெருங்கடல் மட்டத்தினும் ஏறத்தாழ 28 மீட்டர் தாழ்ந்தது. எனவே அஸ்திரகான் நகரமும் கடல்மட்டத்திற்குக் கீழேயே அமைந்துள்ளது. மலையிலிருந்து கடலுக்கு இறங்கிவந்த ஆறு, கடலினும் தாழ்ந்த நிலத்தில் ஒரு நகரத்தைத் தாங்கி நிற்பது புவியியல் மாணவர்கள் நினைவிற்கொள்ளத் தக்க செய்தி.

மாஸ்கோவிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை ஒரு பகலையும் ஓர் இரவையும் விழுங்கிக் கொள்கிறது. காடுகள் குறைந்து, வயல்கள் குறைந்து, இறுதியில் மரமற்ற புல்வெளி மட்டும் எஞ்சுகிறது. அவ்வறட்சியின் நடுவே எதிர்பாராத வகையில் நீர்ப்பரப்பு விரிகிறது. ஒரே ஆறாக வந்த வால்கா இங்கே பல நூறு கால்களாகப் பிரிந்து ஓடுகிறது. நகரம் பல தீவுகளின் மேல் பரந்து கிடக்கிறது. பாலங்களே தெருக்களை இணைக்கின்றன. கோடையில் வெயில் கொளுத்தும். குளிர்காலத்தில் ஆறே உறைந்து நிற்கும். இளவேனிலில் வடநாட்டுப் பனி உருகிவரும் வெள்ளம் கழிமுகம் முழுவதையும் மூழ்கடிக்கும்.

அக்கழிமுகத்தில் இந்திய நாட்டிலிருந்து செல்வோரைத் திகைக்கவைக்கும் காட்சி ஒன்று உண்டு. சூலை, ஆகஸ்டு மாதங்களில் அங்கே தாமரை பூக்கிறது. ஓரிரு பூக்கள் அல்ல. கண்ணுக்கெட்டிய தொலைவுவரை இளஞ்சிவப்புத் தாமரைகள் நிறைந்து நிற்கின்றன. ‘காஸ்பியன் ரோசா’ என்பது உள்ளூரார் அதற்கு இட்ட பெயர். 1919இல் நிறுவப்பட்ட அஸ்திரகான் இயற்கைக் காப்பகத்தால் காக்கப்படும் செல்வங்களுள் அதுவும் ஒன்று.

வரியற்ற ஊர்

இந்நிலத்தில் நகரம் தோன்றியது உருசியர் வருமுன்னரே. கசார் என்னும் இனத்தாரின் தலைநகரான இத்தில் வால்காவின் கீழ்ப்பகுதியில்தான் இருந்தது. பத்தாம் நூற்றாண்டில், 960களில், கீவ் நாட்டு அரசன் சுவியாதொஸ்லாவின் படையெடுப்பால் கசார் வலிமை அழிந்தது. பின்னர் மங்கோலியர் வந்தனர். அவர்கள் நிறுவிய பொன்னணி அரசின் காலத்தில், இன்றைய நகருக்குச் சற்று வடக்கே ஆற்றின் வலக்கரையில், ஹாஜி தர்கான் என்னும் ஊர் வளர்ந்தது.

1330களில் அவ்வூருக்கு வந்த இபின் பதூதா அதன் பெயர்க் காரணத்தைக் குறித்துள்ளார். தர்கான் என்பது வரி நீக்கப்பெற்ற இடத்தைக் குறிக்கும் சொல். மக்கா சென்று வந்த பெரியவர் ஒருவர் அங்கே தங்கியமையால், அரசன் அவர்பொருட்டு அவ்விடத்துக்கு வரி இல்லையென்று விட்டுக்கொடுத்தான், அதனால் மக்கள் கூடினர், ஊர் பெருகியது. வணிகம் வளர்வதற்கு வேண்டிய முதற்பொருள் யாது என்னும் கேள்விக்கு ஊரின் பெயரே விடை கூறுகிறது. வருவோர்மேற் சுமையேற்றாத இடத்தை நாடி வணிகர் வருவர்.

இபின் பதூதா மற்றொரு காட்சியையும் தீட்டுகிறார். குளிர்காலத்தில் ஆறு உறைந்ததும், பல்லாயிரம் சுமை வைக்கோலைப் பனிக்கட்டியின்மேற் பரப்பி, அதன்மேல் வண்டிகளை ஓட்டிச் செல்வர். குளிரின் கடைசி நாள்களிலும் அவ்வாறு செல்லத் துணிந்த கூட்டங்கள் சில, பனிக்கட்டி உடைந்து ஆற்றில் மூழ்கியதும் உண்டு. ஆறு வணிகருக்கு வழியும் ஆயிற்று, கூற்றமும் ஆயிற்று.

1395ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் தைமூரின் படை இவ்வூரைச் சூறையாடி எரித்தது. அதன்பின் அது பழைய நிலைக்கு மீளவில்லை. எனினும் ஆற்றுவழி அழியவில்லை. 1460களின் பிற்பகுதியில், வால்காவின் மேற்பகுதியிலுள்ள திவேர் என்னும் துறைநகரிலிருந்து அபனாசி நிகித்தின் என்னும் வணிகர் படகேறிக் கீழ்நோக்கி வந்தார். அஸ்திரகான் அருகில் தார்த்தாரியர் அவர் கூட்டத்தைத் தாக்கிப் பொருளைக் கவர்ந்துகொண்டனர். வெறுங்கையோடு ஊர் திரும்பினால் கடன்காரர்க்கு விடை சொல்ல இயலாது. ஆகவே அவர் முன்னே சென்றார். தெர்பெந்து, பாக்கு, பாரசீகம், ஓர்மசு எனக் கடந்து, மேற்குக் கரையிலுள்ள சௌல் துறையில் இறங்கி, தக்கணத்துப் பிதார் நகர்வரை சென்று இந்தியாவில் ஏறத்தாழ மூன்றாண்டு வாழ்ந்தார். தம் ஊரை மீண்டும் காணாமலே, திரும்பும் வழியில் சுமோலென்ஸ்கு அருகே உயிர்நீத்தார். அவரிடம் எஞ்சியிருந்தது பொன்னன்று. தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதிவைத்த சில ஏடுகளே. அவ்வேடுகளை வணிகர் மாஸ்கோவிற் சேர்த்தனர். ‘மூன்று கடல்களுக்கு அப்பால்’ என அறியப்படும் அந்நூலை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரலாற்றறிஞர் கரம்சின் உலகறியச் செய்தார். நிகித்தினை இங்கே நினைவிற் கொள்வது இன்றியமையாதது. இக்கட்டுரையின் இறுதியில் அவர் மீண்டும் வருவார்.

கோட்டையும் கோயிலும்

1556இல் நான்காம் இவான் அஸ்திரகான் அரசைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தான். கசான் நகரம் 1552இலேயே வீழ்ந்துவிட்டது. ஆகவே வால்கா தோன்றுமிடம் முதற் கடல்முகம்வரை மாஸ்கோவின் கைக்கு வந்தது. வெற்றிகொண்டவர்கள் பழைய ஊரை விடுத்து, 1558இல் இடக்கரையில் முயற்குன்று எனப்பட்ட மேட்டின்மேல் புதிய கோட்டையை எழுப்பினர். முதலில் மரத்தால் அமைந்த அக்கோட்டை 1580களில் கல்லாலும் செங்கல்லாலும் மாற்றிக் கட்டப்பட்டது. செங்கல்லுக்குச் சூளை தேடவேண்டிய தேவை மிகுதியாக எழவில்லை. பொன்னணி அரசின் தலைநகராக விளங்கிய சராய் பாழடைந்து கிடந்தது. அதன் அரண்மனைகளை இடித்துச் செங்கற்களைப் படகிலேற்றிக் கொண்டுவந்தனர். வீழ்ந்த அரசின் மாளிகை, எழுந்த அரசின் மதில் ஆயிற்று. இன்றும் ஏழு கோபுரங்களோடு அம்மதில் வெண்ணிறத்தில் நிற்கின்றது.

மதிலுக்குள் நிற்கும் பெருங்கோயில் 1699க்கும் 1710க்கும் இடையில் எழுந்தது. அதனைக் கட்டியவர் தொரொபேய் மியாகிஷேவ். அவர் ஒரு பண்ணையடிமை. நெடுந்தொலைவிலிருந்து ஆற்றில் வருவோர் கண்ணில் முதற்கண் படுவது அவர் எழுப்பிய ஐந்து குவிமாடங்களே. அரசர் பெயரையும் ஆளுநர் பெயரையும் தேடிப் படிக்கவேண்டிய அந்நகரில், ஓர் அடிமையின் கைத்திறன் யாருடைய துணையுமின்றித் தானே பேசிக்கொண்டிருக்கிறது.

கோட்டை வந்ததால் வணிகம் உடனே வந்துவிடவில்லை. 1558இல் வால்கா வழியே கீழிறங்கிய ஆங்கில வணிகர் அந்தோணி சென்கின்சன், பஞ்சத்தாலும் கொள்ளைநோயாலும் மாண்டோர் உடல்கள் அஸ்திரகான் தீவில் குவிந்து கிடந்ததைக் கண்டு எழுதியுள்ளார். அங்கே நடந்த வாணிகம் குறித்துச் சொல்லவும் தகாத அளவுக்கு அற்பமானது என்பது அவர் கருத்து. அவ்வூர் அடுத்த நூற்றாண்டில் ஆர்மீனியரும் பாரசீகரும் புகாராவினரும் இந்தியரும் கூடும் பெருஞ்சந்தையாக மாறியது. அதற்குக் காரணம் கோட்டையின் பீரங்கிகள் அல்ல. கீழை நாட்டு வணிகரை அழைத்து, இடங்கொடுத்து, காவலளித்து, அவரவர் வழக்கப்படி வாழவிடுவதே தமக்கு வருவாய் என்பதை மாஸ்கோ அரசு உணர்ந்துகொண்டது. தர்கான் என்னும் பழைய சொல்லின் பொருள் புதிய ஆட்சியிலும் ஓரளவு உயிரோடிருந்தது.

இந்தியர் முற்றம்

17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அஸ்திரகானில் இந்தியர் குடியிருந்தனர். அவர்களுக்கெனத் தனி வணிக முற்றம் ஒன்று அமைந்தது. நடுவே திறந்தவெளி, சுற்றிலும் கடைகள், பின்னே பண்டகசாலைகள், தங்கும் அறைகள், வழிபடும் இடம் என அது தனக்குள் முழுமை பெற்ற சிற்றூராக விளங்கியது. இன்று நகரில் அப்பெயரால் சுட்டிக்காட்டப்படும் கட்டடம் பிற்காலத்தது. அதன் பெயரே பழைமைக்குச் சான்று.

அவர்கள் தென்னாட்டவர் அல்லர், தமிழரும் அல்லர். முல்தான் நகரையும் அதனைச் சூழ்ந்த பஞ்சாப், சிந்துப் பகுதிகளையும் சேர்ந்த வணிகரே அவருட் பெரும்பான்மையோர். முல்தானிலிருந்து கந்தகார் சென்று, அங்கிருந்து பாரசீகத்தின் இஸ்பகானை அடைந்து, காஸ்பியனின் தென்கரையிலோ மேற்குக்கரையிலோ கப்பலேறி அஸ்திரகான் சேர்வது அவர்கள் வழி. சிலர் புகாரா வழியாகவும் வந்தனர். பருத்தித்துணி, பட்டு, சாயம், மணிகள் முதலியன வடக்கே சென்றன. பதப்படுத்திய தோல், மென்மயிர்த் தோல், உலோகப் பொருள்கள் ஆகியன தெற்கே வந்தன. வாணிகத்தோடு வட்டிக்குக் கடன் கொடுப்பதும் அவர்கள் தொழிலாக இருந்தது.

எண்ணிக்கையில் அவர்கள் ஒருபோதும் மிகுந்ததில்லை; ஒரு சில நூறு பேருக்கு மேற்படாத சிறு கூட்டம். செல்வத்தாலோ அவர்கள் நகரின் முதல்வரிசையில் நின்றனர். பெண்டிரை உடனழைத்து வரும் வழக்கம் அவர்களிடம் இல்லை. தலைவராக ஒருவரைத் தாமே ஏற்றுக்கொண்டு, தமக்குள் எழுந்த பூசலைத் தாமே தீர்த்துக்கொண்டனர். நாட்டின் சமயத்துக்கு மாறான தங்கள் வழிபாட்டை மறைக்காமல் நடத்தவும் இசைவு பெற்றிருந்தனர். பிறசமயத்தாரைத் துன்புறுத்துவது பல நாடுகளில் அரசியல் அறமாகக் கருதப்பட்ட அந்நூற்றாண்டில் இது சிறிய செய்தியன்று.

இந்தியாவோடு நேர்வழி காணும் ஆர்வம் உருசிய அரசுக்கும் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் முகலாயர் அவைக்குத் தூதர் சிலரை அது அனுப்பியது. முதலில் சென்றோர் வழியிலேயே தடைப்பட்டனர். 1695இல் மாஸ்கோவிலிருந்து புறப்பட்ட வணிகர் செம்யோன் மாலென்கி, அஸ்திரகானில் கப்பலேறிப் பாரசீகத்தைக் கடந்து சூரத்துத் துறையில் இறங்கினார்; ஔரங்கசீப்பைக் கண்டு வாணிக இசைவுப் பட்டயமும் பெற்றார். ஆனால், ஊர் திரும்பும் வழியில் காக்கேசியாவின் ஷெமாகா நகரில் மாண்டார். வடக்கேயிருந்து சென்ற தூதர்க்கு இவ்வளவு அரிதாக இருந்த வழியில், முல்தான் வணிகர் ஆண்டுதோறும் போய் வந்துகொண்டிருந்தனர்.

பொறாமையும் சட்டமும்

விருந்தாகத் தங்கியவன் வளமாக வாழத் தொடங்கினால் வீட்டார்க்குப் பொறுப்பதில்லை. அஸ்திரகானில் தங்கிய இந்தியர் சிலர் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள கசானுக்கும் மாஸ்கோவுக்கும் சென்று நேரே விற்கத் தலைப்பட்டனர். இடைத்தரகால் வாழ்ந்த உருசிய வணிகர்க்கு அது பேரிழப்பு. அவர்கள் அரசனிடம் மீண்டும் மீண்டும் முறையிட்டனர். 1667இல் இயற்றப்பட்ட புதிய வணிகச் சட்டம், அயல்நாட்டார் எல்லை நகரங்களிலே விற்கவேண்டும் என்றும், உள்நாட்டுக்குள் பொருள்கொண்டு செல்வோர் கூடுதல் சுங்கம் செலுத்தவேண்டும் என்றும் விதித்தது. அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மாஸ்கோ வணிகரின் முறையீடு இந்தியர்க்கு எதிராகவே கூர்மையடைந்தது. அரசின் நிலை இருதலைக்கொள்ளி எறும்பின் நிலையாயிற்று. சொந்தக் குடிகளின் சினத்தையும் ஒதுக்க இயலவில்லை. அயலார் செலுத்தும் சுங்கத்தையும் இழக்க இயலவில்லை. எனவே தலைநகரில் கதவைச் சாத்தி, அஸ்திரகானில் கதவைத் திறந்துவைப்பதே முடிவாயிற்று.

சட்டத்தினும் கொடியது கலகம். 1670இல் ஸ்தெங்கா ராசின் தலைமையில் எழுந்த கோசாக்கியர் அஸ்திரகானைக் கைப்பற்றினர். ஆளுநர் புரொசோரொவ்ஸ்கியைக் கோபுரத்திலிருந்து தள்ளிக் கொன்றனர். ஏழைகளின் எழுச்சியாகத் தொடங்கிய அக்கலகத்தில் அயல்நாட்டு வணிகரின் முற்றங்களும் கொள்ளைபோயின. 1671இன் இறுதியில் நகரம் மீண்டும் அரசின் வசமானது. ஓடிய வணிகர் திரும்பி வந்தனர். கொள்ளைபோன கடைகளை மீண்டும் கட்டினர். ஊருக்குச் சொந்தமில்லாதவர் ஊரைவிட்டு எளிதில் நீங்கிவிடுவர் என்னும் எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை இது காட்டுகின்றது.

1717இல் அஸ்திரகான் தனி மாநிலத்தின் தலைநகராயிற்று. 1722இல் பேரரசர் பீட்டர் பாரசீகப் படையெடுப்புக்காக இங்கே வந்து தங்கினார். அவ்வாண்டிலேயே காஸ்பியன் கடற்படையும் இந்நகரை நிலையாகக் கொண்டு தோற்றுவிக்கப்பட்டது. இந்திய வணிகரின் முறையீடுகளும், இறந்த வணிகர் விட்டுச்சென்ற உடைமை பற்றிய வழக்குகளும் அக்கால உருசிய ஆவணங்களில் இடம்பெற்றுள்ளன.

மறைந்த கூட்டம்

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்களை நேரிற்கண்டு எழுதியோர் இருவரைக் குறிப்பிடவேண்டும். ஒருவர் சியார்ச்சு பார்ஸ்டர். கிழக்கிந்தியக் கும்பெனியின் சென்னை நிருவாகத்தில் பணியாற்றிய அவர், வங்காளத்திலிருந்து நிலவழியாக இங்கிலாந்துக்குப் பயணம் செய்தபோது 1784இல் அஸ்திரகானைக் கடந்தார். அங்கே இந்துக்கள் நன்கு நடத்தப்படுவதை அவர் பாராட்டியுள்ளார். ஓரளவு பொருளீட்டியதும் அவர்கள் தாய்நாடு திரும்புவர் என்றும், அவர்கள் இடத்துக்கு வேறு சிலர் வருவர் என்றும் அவர் கூறுகிறார். அதனோடு ஒரு குறிப்பைச் சேர்த்தார்: அவர்கள் வணிகத்திலேயே மூழ்கியிருந்தமையால், தம்மவர் முதன்முதல் அங்கே குடியேறிய வரலாற்றைப் பற்றிய பதிவு எதனையும் பேணவில்லை என்பதே அது.

மற்றொருவர் பீட்டர் சைமன் பல்லாஸ் என்னும் இயற்கை ஆய்வறிஞர். 1793இல் தென் உருசியாவைச் சுற்றிவந்த அவர், இந்தியர் முற்றத்தில் நடந்த வழிபாட்டைக் கண்டு தம் நூலில் விரித்துரைத்தார். அவ்வழிபாடு எவ்வாறு நடந்தது என்று இன்று நாம் அறியவேண்டுமானால், ஒரு செருமானியர் எழுதிய நூலையே நாடவேண்டும்.

அதன்பின் நெடுங்காலம் செல்லவில்லை. 1722இல் பாரசீகத்தின் சபாவிய அரசு சரிந்தது. 1739இல் நாதிர்ஷா தில்லியைக் கொள்ளையிட்டான். முல்தானுக்கும் காஸ்பியனுக்கும் இடையே இருந்த நெடுவழி பாதுகாப்பிழந்தது. கடல்வழி வாணிகம் ஐரோப்பியக் கும்பெனிகளின் கையில் ஓங்கியது. புதியவர் வரவு குறைந்தது. பழையவர் ஊர் திரும்பினர் அல்லது அங்கேயே மறைந்தனர். 19ஆம் நூற்றாண்டில் இந்தியர் முற்றம் பெயரளவில் மட்டும் நின்றது.

எல்லாரும் திரும்பிவிடவில்லை. இந்திய வணிகர் சிலர் தார்த்தாரியப் பெண்களை மணந்தனர். அவர்கள் வழிவந்தோர் அகிரிசான் என்னும் பெயரோடு நகரின் ஒரு பகுதியில் தனிக்குடியாக வாழ்ந்தனர். தாயின் மொழியே அவர்கள் மொழியாயிற்று. தாயின் சமயமே அவர்கள் சமயமாயிற்று. நாளடைவில் அவர்கள் தார்த்தாரியரோடு முற்றுங் கலந்தனர். தந்தையின் மொழியில் ஒரு சொல்லைத்தானும் அவர்களுக்குக் கற்பிக்க அங்கே பள்ளி இல்லை, பாட்டி இல்லை, ஏடும் இல்லை.

பிற்கால நகரம்

வணிகர் மறைந்தாலும் ஆறு ஓய்வதில்லை. 19ஆம் நூற்றாண்டில் அஸ்திரகான் மீனாலும் எண்ணெயாலும் மீண்டும் செழித்தது. நோபல் உடன்பிறப்புகளின் எண்ணெய்க் கப்பலான ‘சொராஸ்டர்’ 1878இல் பாக்குவிலிருந்து அஸ்திரகான் நோக்கி ஓடத்தொடங்கியது. லெனினின் தந்தையார் இலியா உலியானொவ் 1831இலும், ஓவியர் குஸ்தோதியெவ் 1878இலும் பிறந்தது இந்நகரிலேதான். 1952இல் வால்காவையும் தொன் ஆற்றையும் இணைக்கும் கால்வாய் திறக்கப்பட்டபின், பெருங்கடலோடு தொடர்பற்ற காஸ்பியனிலிருந்து கருங்கடலுக்குக் கப்பல் செல்ல வழி பிறந்தது. அணைகளாலும் அளவுகடந்த பிடிப்பாலும் முட்டைமீன் இனம் அருகிப்போனமை இந்நகரின் அண்மைக்காலத் துயரம்.

இந்தியாவுக்குச் செல்லும் பழைய வழியும் மறக்கப்படவில்லை. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் உருசியா, ஈரான், இந்தியா ஆகிய மூன்று நாடுகளும் வடக்குத்தெற்குப் போக்குவரத்து வழி குறித்து ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 2022 சூனில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து மரப்பலகை ஏற்றிய இரண்டு சரக்குப்பெட்டகங்கள் அஸ்திரகானில் கப்பலேறி, ஈரானின் அன்சாலித் துறையில் இறங்கி, நிலவழியே பந்தர் அப்பாசுக்குச் சென்று, அங்கிருந்து மும்பைக்கு அருகிலுள்ள நவசேவாத் துறைக்கு அனுப்பப்பட்டன. அது முன்னோட்டச் சுமை. பெட்டகத்தோடு சென்ற சீட்டுகளில், இதே நீர்வழியை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு பயன்படுத்தியோர் பெயர் எதுவும் இருந்திராது.

எழுத்தின் பயன்

அஸ்திரகான் இந்தியர் எழுத்தறியாதவர் அல்லர். முல்தான் வணிகர்க்கெனத் தனிக் கணக்கெழுத்தே இருந்தது. உயிர்க்குறிகளைப் பெரும்பாலும் விடுத்து விரைந்து எழுதும் எழுத்து அது. கடனும் வட்டியும் வரவும் செலவும் அதில் ஒழுங்காகப் பதிவாயின. வணிகன் பிழையின்றி எழுதிய ஒன்று கணக்கு. அவன் எழுதாமல் விட்ட ஒன்று தன் கதை.

ஆதலால் இன்று அவர்களைப் பற்றி நாம் அறிவனவெல்லாம் பிறர் எழுதியவை. உருசிய அலுவலகங்களில் கிடந்த சுங்கச் சீட்டுகளும் முறையீடுகளும் வழக்குரைகளும் 1958இலும் 1965இலும் மாஸ்கோவில் தொகுதிகளாக அச்சிடப்பட்டன. அவற்றைக் கொண்டே அறிஞர்கள் அவ்வணிகரின் வாழ்வை மீட்டு எழுதினர். அவ்வாவணங்களில் அவர்கள் பெயர்கூட அவர்கள் பெயராக இல்லை. செல்வமிக்க ஒருவர் ‘மார்வாரி பராயேவ்’ என்று பதிவாகியுள்ளார். அயல்நாட்டு எழுத்தரின் செவிக்கு எட்டியவாறு, உருசிய ஈறு சேர்த்து எழுதப்பட்ட பெயர் அது. தாயார் அவரை எப்பெயர் சொல்லி அழைத்தார் என்பதை எந்த ஏட்டிலும் காணமுடியாது. அவர் செலுத்திய சுங்கத்தின் அளவைக் காணலாம்; அவர் கண்ட கனவைக் காணமுடியாது.

இவ்விடத்தில் நிகித்தின் மீண்டும் நினைவுக்கு வருகிறார். அவரும் வணிகரே, அதுவும் தோற்றுப்போன வணிகர். அஸ்திரகான் அருகிலேயே முதலை இழந்தார். இந்தியாவில் பெரும்பொருள் ஈட்டவில்லை. பிறந்த ஊரையும் சென்றடையவில்லை. ஆயினும் 1955இல் திவேர் நகரின் ஆற்றங்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. பொருளில் வென்ற நூற்றுக்கணக்கான இந்தியர்க்கு இல்லாத நிலைபேறு, பொருளில் தோற்ற ஓர் உருசியர்க்கு வாய்த்தது. இரு திறத்தாரும் நடந்தது ஒரே வழி. பட்ட இடரும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு ஒரு சில ஏடுகளே.

பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவு சென்று வாழும் எந்தக் கூட்டத்துக்கும் இது பாடமாகும். கடை, தோட்டம், தொழில், செல்வம் ஆகியன ஒரு தலைமுறையின் உழைப்பைக் காட்டும். அவ்வுழைப்பு யாருடையது என்பதை எழுத்தே காட்டும். முதன்முதல் வந்தவர் யார், எந்தத் துறையில் இறங்கினார், எந்தக் கோயிலைக் கட்டினார், எந்தப் பள்ளியைத் திறந்தார் என்பவற்றை முதியோர் வாயிலிருந்து கேட்டு, ஆண்டும் பெயரும் பிழையாமல், சொந்த மொழியில் எழுதிவைக்கும் பணி அறிஞர்க்கு மட்டும் உரியதன்று. வகுப்பறையில் மாணவன் ஒருவன் தன் பாட்டனாரின் வரலாற்றை இரண்டு பக்கம் எழுதினாலும் அது அப்பணியே. அவ்வாறு எழுதாதவர் வரலாறு அழிந்துபோவதில்லை. பிறர் வீட்டுக் கணக்குப் புத்தகத்தில், பிறர் இட்ட பெயரோடு, அது கிடக்கும்.

அஸ்திரகான் கழிமுகத்தில் கோடைதோறும் தாமரை பூக்கிறது. பறவை கொணர்ந்தது என்பர் சிலர். மனிதர் கொணர்ந்தனர் என்பர் சிலர். வந்த வழியைத் தாமரை சொல்லாது, அதற்கு வாயில்லை. மனிதர்க்கு வாயும் உண்டு. கையில் எழுதுகோலும் உண்டு.